1850-க்கு முந்தைய அமெரிக்க மூதாதையைத் தேடுவது எப்படி

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கியது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கைதான். அடிமைப்படுத்தப்படாத எல்லோருடைய பெயரும் வருவது 1850-இலிருந்து. எனவே அந்த ஆண்டில் உறுதியாகத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். புகழ்பெற்ற குடியேறியிலிருந்து கீழிறங்கி வந்தால், அதே பெயருள்ள வேறு ஆளின் கிளையில் போய் நிற்பீர்கள்.

பிறப்பு, திருமணம், இறப்பை வீட்டார் எழுதிவைத்த குடும்ப பைபிள் கிடைத்தால் முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1812-இல் அச்சான பைபிளில் 1760-களின் பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், அவை பின்னாளில் மொத்தமாக எழுதியவை. பைபிளே தொலைந்திருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் பெறத் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால், பலர் பைபிள் பக்கங்களையே கிழித்து அனுப்பினார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் அவை இன்றும் இருக்கின்றன.

கல்லறை விவரங்களைத் திரட்டும் ஃபைண்ட் எ கிரேவ் இணையதளத்தில் கல்லறைக் கல்லின் படத்தை நம்பலாம்; அதன் கீழே பெற்றோர், பிள்ளைகள் என்று யாரோ சேர்த்த விவரம் சான்றாகாது. கல்லையும் சோதியுங்கள். 1740-இல் இறந்தவருக்குப் பளபளப்பான கிரானைட் கல் இருந்தால், அது வாரிசுகள் வெகுகாலம் கழித்து நட்டது. பெண்ணின் கல்லில் 'ரெலிக்ட்' என்றால் கணவர் முன்பே இறந்துவிட்டார். 'கன்சார்ட்' என்றால் அப்போது கணவர் உயிரோடு இருந்தார். நேரில் போனால் சுற்றியுள்ள எல்லாக் கற்களையும் படமெடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் போதும். கம்பித் தூரிகையோ பிளீச்சோ ஷேவிங் நுரையோ கல்லை அரிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

தவறு அதிகம் நேர்வது தேதியில்தான். கல்லில் '1798 மே 10, வயது 72 ஆண்டு 3 மாதம் 4 நாள்' என்றிருந்தால், கழித்துப் பார்க்க 1726 பிப்ரவரி 6 வரும். ஆனால் 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் பழைய நாட்காட்டிதான். அது இன்றைய நாட்காட்டியைவிட 11 நாள் பின்தங்கியது, அதில் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே தேவாலயப் பதிவேட்டில் அதே குழந்தை '1725 ஜனவரி 26' என்றோ '1725/6' (பழைய கணக்கில் 1725, புதிய கணக்கில் 1726) என்றோ இருக்கலாம். இரண்டு குழந்தைகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

'ஜூனியர்' என்றால் மகன் என்றும் கொள்ள வேண்டாம். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரில் இளையவரையும் அப்படித்தான் குறித்தார்கள். உயிலில் வரும் 'சன் இன் லா' (இன்று மருமகன்) சில நேரம் மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகன்.

கல்லே இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நிலப் பத்திரங்களைத் தேடுங்கள்: தந்தையின் நிலத்தை வாரிசுகள் விற்கும்போது பிள்ளைகளும் மருமகன்களும் சேர்ந்து கையெழுத்திட்டிருப்பார்கள். கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பிற்பாடு பிரிந்திருந்தால், பத்திரம் பெரும்பாலும் தாய்க் கவுண்டியின் அலுவலகத்திலேயே இருக்கும்.