ஏற்காட்டு மலைல மோதாம பறக்க: சிம்ல ஆல்டிமீட்டர், ஆட்டோபைலட் செட்டிங்

ஃப்ளைட் சிமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டற கேம், சுருக்கமா சிம்) காமலாபுரத்துல, அதான் நம்ம சேலம் ஏர்போர்ட்ல, டேக்ஆஃப் பண்ணி கிழக்கால திரும்பி 5,500 அடின்னு ஆட்டோபைலட்ட போட்டுட்டு ஏற்காட்ட வேடிக்கை பாக்கறவங்களுக்குத்தான் இது. சேர்வராயன் உச்சியே சுமாரா 5,300 அடி வரும், அதனால 200 அடி தப்புனாலே கதை முடிஞ்சுது.

ஆட்டோபைலட்டுக்கு மலை எங்க இருக்குன்னெல்லாம் தெரியாதுங்க, ஆல்டிமீட்டர், அதாவது ஒசரம் காட்டற மீட்டர், சொல்றத அப்படியே நம்பி புடிச்சுட்டு போகும். அந்த ஆல்டிமீட்டரு அளக்கறது காத்தழுத்தத்த மட்டுந்தான், அடிக்கணக்கு சரியா வரணும்னா அன்னைக்கு அந்த ஊரு பிரஷர கடல் மட்டத்துக்கு கணக்கு போட்டு சொல்றது, அதாவது கியூஎன்ஹெச், நாமதான் வைக்கணும். ஸ்டாண்டர்ட் 1013 ஹெக்டோபாஸ்கல்ல (பாதரச இஞ்ச் கணக்குல 29.92) அப்படியே விட்டுட்டீங்க, ஆனா கியூஎன்ஹெச் 1005ன்னு வைங்க. 8 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம், ஒண்ணுக்கு 27 அடி கிட்ட, மொத்தம் ஒரு 220 அடி கூட காட்டும். ஆல்டிமீட்டர்ல 5,500 அடின்னு இருக்கும், பிளேன் 5,280 அடில போயிட்டிருக்கும், எதிர்ல பாறை.

இத ரன்வேல நிக்கறப்பவே கண்டுபுடிச்சிரலாம். சேலம் ரன்வே கடல் மட்டத்துல இருந்து 1,000 அடி சொச்சம், மீட்டரு 1,220ன்னு காட்டுனா செட்டிங் தப்பு. மைக்ரோசாஃப்ட் சிம்ல பி கீய ஒரு தட்டு தட்டுனா போதும், சரியான பிரஷர் தானா செட் ஆயிரும். லைவ் வெதர் (நிஜ வானிலை) போட்டிருந்தா பறக்கறப்பவும் அப்பப்ப தட்டுங்க, அப்ப பிளேன் தானா கொஞ்சம் ஏறும் இல்ல இறங்கும், அத பக்னு நெனச்சு புலம்பாதீங்க.

பழைய செஸ்னால வர்ற கேஏபி 140 ஆட்டோபைலட்டுக்கு தனியா ஒரு பேரோ செட்டிங் (பிரஷர் செட்டிங்) உண்டு. அத அப்படியே செஞ்சிருக்கற ஆட்ஆன்ல (சிம்ல தனியா சேக்கற பிளேன்) மீட்டர மட்டும் திருப்புனா பத்தாது, ரெண்டையும் ஒண்ணா வைக்கணும், நெறய பேரு மாட்டறது இங்கதான்.

டிரான்சிஷன் ஆல்டிடியூட்னு ஒரு ஒசரம் வச்சிருக்காங்க, ஏறறப்ப அத தாண்டுனா கியூஎன்ஹெச்ச விட்டு 1013க்கு மாத்தணும். அமெரிக்காவுல அது 18,000 அடி, நம்மூர்ல அதவிட கம்மி, பைலட்டுங்க பாக்கற மேப்ப, அதான் சார்ட்ட, பாத்து வைங்க.

எல்லாம் சரியா வச்சும் ஜிபிஎஸ் ஒசரம் ஒத்து வரலையா? சேலத்து வெயில்ல காத்து விரிஞ்சு கெடக்கும், அதனால நிஜ ஒசரம் மீட்டர விட கூடதான் இருக்கும், மலைக்கு மேல போறப்ப அது நமக்கு நல்லதுதான். ஜிபிஎஸ்ஸ பாத்து பிரஷர் வைக்கற பேரோ நாப்ப மட்டும் திருப்பிராதீங்க.