இக்னிஷன் லாக் மாற்றினாலும் பழைய சாவியைத் தூக்கிப் போடாதீர்கள்

காரில் சாவி திரும்பவில்லை என்றதும், அதைப் போட்டுத் திருப்பும் இக்னிஷன் லாக் போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் பூட்டு இறுகியிருந்தால் விட்டுக்கொடுக்கும். அப்புறம் வீட்டில் கிடக்கும் ஸ்பேர் சாவியைப் போடுங்கள். அது சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது சாவிதான். சாவி திரும்பியும் ஸ்டார்ட்டர் சத்தமே வராவிட்டால், பேட்டரிக்கு அடுத்து லாக்கின் பின்னாலுள்ள மின் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். பல கார்களில் அதை மட்டும் தனியாக மாற்றலாம், சாவியைத் தொடவே வேண்டாம்.

லாக்கே போய்விட்டது, புதிதாக ஒன்று போட்டாயிற்று. சாவியும் திரும்புகிறது, எஞ்சின் மட்டும் ஓடவில்லை. இங்கேதான் நிறையப் பேர் குழம்பிப்போய், கடைக்காரர் போலி லாக்கைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகிறார்கள். இப்போதைய பெரும்பாலான கார்களில் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. லாக்கின் வாயைச் சுற்றியுள்ள ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் அந்தச் சிப்பின் எண்ணைப் படித்துக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, எண் ஒத்துப்போனால்தான் எஞ்சின் ஓடும். மாருதியில் ஐகேட்ஸ் என்று சொல்லும் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு இதுதான். காருக்குத் தெரிந்தது அந்தச் சிப். லாக்கையும் சாவியின் பல்லையும் அது பார்ப்பதில்லை. பழைய சாவியின் தலையைக் காயிலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, புதுச் சாவியால் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடினால் லாக் வேலையில் குறையில்லை, புதுச் சாவியின் சிப்பைக் காரின் நினைவில் பதிவுசெய்யும் கோடிங் மட்டும்தான் பாக்கி.

என்னைக் கேட்டால், புது லாக்கின் உள்தகடுகளைப் பழைய சாவிக்கு ஏற்ப மாற்றி அடுக்கித் தரும் ஆளைத் தேடுவதுதான் நல்லது. கோடிங் செலவே இல்லை, கதவுக்கும் அதே சாவி. தேய்ந்த சாவியைப் பார்த்து டூப்ளிகேட் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். கார் வாங்கும்போது சாவியோடு தந்த தகட்டில் எண் இருந்தால் அதை வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்குப் போகிறவை, அவற்றில் கை வைக்கவே கூடாது. சில கார்களில் லாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை, இறுக்கும்போதே உடைந்து விழும்படி செய்யப்பட்டிருக்கும். திருடனால் எளிதில் கழற்ற முடியாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த இடத்தில் சாதாரண போல்ட் போடச் சம்மதிக்காதீர்கள்.

கோடிங்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். பல கார்களில் அந்த நேரத்தில் கூட இல்லாத சாவி காரின் நினைவிலிருந்து அழிந்துவிடும். தொலைந்த சாவி இருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும். பாதியில் மின்சாரம் குறைந்தால் கோடிங் கெட்டுப்போகலாம். ரிமோட் பட்டன் வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டுக் கிளம்பாதீர்கள், பல கார்களில் அது தனிக் கணக்கு. ஒவ்வொரு சாவியையும் போட்டு, எஞ்சினைச் சில விநாடி ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.