அணைப் பூங்காவில் டிஸ்க் கால்ஃப்

டிஸ்க் கால்ஃப் என்றால் தட்டு மாதிரியான டிஸ்க்கை எறிந்து, குறைந்த எறிகளில் இலக்கைத் தொடும் ஆட்டம். முறையான களத்தில் இலக்காகச் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை நிற்கும். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் நானும் மச்சானும் மரங்களையே கூடையாக வைத்துக்கொண்டோம். தண்டில் டிஸ்க் பட்டால் அந்தக் ‘குழி’, அதாவது அந்த இலக்குக்கான சுற்று, முடிந்தது. எறிந்த எண்ணிக்கை குறைந்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மீன் வறுவலுக்கு வரும் கூட்டத்தில் யார் தலையிலாவது விழும். வார நாளில் போனாலும், முன்னால் ஆள் நடந்தால் கடந்து போகும்வரை காத்திருங்கள்.

முதலில் பட்டர் (putter) என்னும், கிட்டத்தில் எறிவதற்கான மெதுவான டிஸ்க் ஒன்று போதும். தூரம் எறிவதற்கான வேகமான டிஸ்க்கான டிரைவர் வாங்கிப் பெருமைப்பட்டவன் நான். அது புதியவர் கைக்கு அடங்காது.

வலது கைக்காரர் இலக்குக்கு வலது தோளைக் காட்டி நில்லுங்கள். டிஸ்க்கை நெஞ்சை ஒட்டி நேராக இழுத்து விடுங்கள். கையைச் சுற்றி வீசினால் திசை தவறும். வேகம் குறையும்போது அது இடப்பக்கம் சாயும், அதனால் மரத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குறி வையுங்கள். அணைப் பக்கமிருந்து எதிர்காற்று அடித்தால் கதையே வேறு: டிஸ்க் மேலே தூக்கும், வலப்பக்கம் புரளும். அப்போது தாழ்வாக, மெதுவாக எறியுங்கள்.

விழுந்த இடத்துக்குப் பின்னால் கால் வைத்துத்தான் அடுத்த எறி. இலக்குக்குப் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால், எறிந்தபின் நிலையாக நின்றுவிட்டுத்தான் முன்னே காலெடுக்கலாம். மச்சான் இதில்தான் ஏமாற்றுவார்.

அப்புறம், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். என் பச்சை டிஸ்க் இன்னும் ஏதோ கருவேல முள்ளுக்குள் கிடக்கிறது.