புது நகரத்தில் அக்கம்பக்கத்தைத் தேடிக்கொள்வது எப்படி?

புது நகரத்துக்குக் குடிபெயர்பவர்கள் வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி, அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். அந்தத் தெருவில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் நின்று பேசுகிறார்களா என்பதை மட்டும் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழிந்த பின் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று வருந்தும்போது, பழியைத் தங்கள் கூச்ச சுபாவத்தின் மீது போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பழியில் தெருவுக்கும் பங்கு உண்டு.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்னும் நகரமைப்பு ஆய்வாளர், சான் பிரான்சிஸ்கோவில் போக்குவரத்து அளவில் வேறுபட்ட குடியிருப்புத் தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, சராசரி 0.9 தான். ஆகவே, பெருஞ்சாலையைப் பார்த்த வீட்டைவிட, அதிலிருந்து உள்ளே தள்ளிய சிறு தெருவில் அமைந்த வீடு, ஓர் அறை குறைவாக இருந்தாலும், புதிதாக வருபவருக்கு மேலானது என்பது என் கருத்து.

இயன்றால் முதல் சில மாதங்களுக்குக் குறுகிய கால ஒப்பந்தத்தில் தங்கிக்கொண்டு, பிடித்த பகுதிகளை வேலைநாள் காலையிலும் மாலையிலும் விடுமுறை நாளிலுமாக மூன்று வேளை நடந்து பாருங்கள். வண்டியில் போனால் எதுவும் கண்ணில் படாது. பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்களா, காசு கொடுக்காமல் உட்கார ஓர் இடம் இருக்கிறதா, அன்றாடப் பொருள்களை நடந்துபோய் வாங்க முடிகிறதா என்று கவனியுங்கள். நூலகத்திலோ பூங்காவிலோ அறிவிப்புப் பலகை இருந்தால் அதில் உள்ள தேதிகளைப் படியுங்கள். சென்ற ஆண்டின் அறிவிப்பு இன்னும் தொங்கினால் அங்கே கூடுபவர் யாருமில்லை என்று கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், படிக்கட்டுக்கு அருகில் உள்ள வீட்டைச் சத்தத்துக்குப் பயந்து உடனே தள்ளிவிடாதீர்கள். பலரும் கடந்துபோகும் வாசலில்தான் அறிமுகங்கள் தாமாகவே நிகழ்கின்றன.

குடிபுகுந்த முதல் இரண்டு வாரங்கள் மிகவும் விலைமதிப்புள்ளவை. குப்பை எந்த நாளில் எடுப்பார்கள், நல்ல மருத்துவர் எங்கே இருக்கிறார் என்றெல்லாம் கதவைத் தட்டிக் கேட்கும் உரிமை அப்போதுதான் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதையே கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். ஏணியோ சுத்தியலோ இரவல் கேட்பதும் நல்லதே, ஏனெனில் திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை போக வேண்டியிருக்கும். குடியிருப்போரின் கைப்பேசிக் குழுவில் சேருங்கள், ஆனால் அது மின்வெட்டுச் செய்திக்கு உதவும் அளவுக்கு நட்புக்கு உதவாது.

தெருவுக்கு அப்பால் ஒரு வட்டம் வேண்டுமென்றால், ஒருநாள் கொண்டாட்டங்களைவிட வாரந்தோறும் அதே முகங்கள் கூடும் இடத்தையே நாடுங்கள்: விளையாட்டுக் குழு, பாட்டு வகுப்பு, தன்னார்வப் பணி என எதுவாகவும் இருக்கலாம். அங்கே நாற்காலி எடுத்துப்போடுவது போன்ற ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டால், நீங்கள் வராத நாளில் உங்களைத் தேடுவார்கள். ஜெஃப்ரி ஹால் என்னும் தகவல்தொடர்பு ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு அவ்வளவு பலனில்லை. வாரம் 2 மணி நேரம் என்றால் முதல் படிக்கே அரை ஆண்டு ஆகிறது என்பதால், மூன்றாம் வாரத்தில் 'யாரும் ஒட்டவில்லை' என்று விலகுவது அவசரம். சொந்த ஊர்க்காரர்களின் சங்கம் தொடக்கத்தில் பெரிய ஆறுதல் தரும். எல்லா மாலைகளையும் அதற்கே கொடுத்துவிட்டால் மட்டும் நகரம் அந்நியமாகவே நின்றுவிடும்.

ஒருவரோடு பேச்சு இயல்பாக வரத் தொடங்கியதும் அழைப்பை நீங்களே விடுங்கள். 'ஒருநாள் சந்திப்போம்' என்பது விடைபெறும் சொல்லாகவே முடிந்துவிடும். 'ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குப் பூங்காவில் நடக்கப் போகிறேன், வருகிறீர்களா?' என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை கேட்கலாம். அதற்குப் பிறகு அவரே கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்தவரைக் கேளுங்கள்.