புத்தகமா, தொடரா: வாதம் செய்யும் முறை

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாவல் வரிசையிலிருந்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரின் பேச்சை எடுத்தாலே எங்கள் கூட்டம் புத்தகக் கட்சி, தொடர்க் கட்சி என்று இரண்டாகிவிடும். வாதம் உருப்பட, யார் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நான் சொல்லப்போவதும் நாவலின் மூன்றாம் பாகம் முடித்தவர்களுக்குத்தான்.

அப்புறம், ஒரே ஒரு மாற்றத்தை எடுங்கள். கதையில் இளம் அரசனான ராப் ஸ்டார்க்கின் மனைவி, புத்தகத்தில் ஜெயின் வெஸ்டர்லிங். ராப் கொல்லப்படும் அவன் மாமாவின் கல்யாண விருந்துக்கு அவள் போவதே இல்லை. தொடரில் தலிசா, அங்கேயே கொல்லப்படுகிறாள். நாவலில் ராபுக்கென்று ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது, அவனுக்குக் கல்யாணம் ஆன செய்தியையே அம்மா கேட்லின் வழியாகத்தான் அறிகிறோம். கேமராவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. "கெடுத்துட்டாங்க" என்று கத்தாமல் இதைச் சொல்லுங்கள், எதிராளியும் யோசிப்பார்.

கடைசி சீசனைப் புத்தகத்தோடு ஒப்பிடவே வேண்டாம். ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது, அடுத்தது வருவதற்குள் தொடர் 2019-இல் கதையையே முடித்துவிட்டது.