பேஸைப் பின்தொடர்ந்து கேளுங்கள்: பரோக் இசையையும் நவீன ஜாஸையும் அடுத்தடுத்துக் கேட்கும் முறை

நியூயார்க்கின் 30ஆம் தெருவில், ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா நிறுவனம் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் நடத்திவந்தது. 1955 ஜூனில் க்ளென் கூல்ட் அங்கே, பரோக் எனப்படும் 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையின் மேதையான பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' படைப்பைப் பியானோவில் பதிவு செய்தார். 1959இல் அதே கூடத்தில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவாயிற்று. இந்த இரண்டு ஆல்பங்களிலிருந்தே தொடங்குங்கள். இடம் ஒன்று என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. இரண்டிலும் கேட்பவர் பற்றிக்கொள்ள வேண்டியது மேலே ஒலிக்கும் மெட்டை அன்று, அடியில் தாழ்ந்த சுரங்களாக நடக்கும் பேஸைத்தான்.

முதலில் கூல்டின் பதிவில் தொடக்க மெட்டான ஆரியாவை மட்டும் இரண்டு மூன்று முறை கேளுங்கள். வலக்கையின் அலங்காரங்களை ஒதுக்கிவிட்டு இடக்கையைக் கவனித்தால், ஜி சுரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கும் ஒரு வரி புலப்படும். பின்னால் வரும் 30 மாறுபாடுகளும் அந்த மெட்டின்மீது அல்ல, இந்த பேஸ் வரியின்மீதே கட்டப்பட்டவை. ஆரியாவுக்கு 32 தாள அளவுகள். பகுதிகளைத் திரும்ப வாசிக்கும்படி பாக் குறித்திருந்தும் கூல்ட் இப்பதிவில் அவ்வாறு செய்வதில்லை என்பதால் விரல்விட்டு எண்ணுவது எளிது.

அடுத்து 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பாடலான 'ஸோ வாட்'. இதில் பால் சேம்பர்ஸின் டபுள் பேஸே (தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய தந்திக்கருவி) மெட்டை வாசிக்க, மற்றவர்கள் அதற்கு விடையளிக்கிறார்கள். இதன் சுற்றும் 32 அளவுகளே: முதல் 16 டி சுரத்தை நிலையாகக் கொள்கின்றன, அடுத்த 8 அரைச்சுரம் மேலேறுகின்றன, கடைசி 8 பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. மைல்ஸின் தனிவாசிப்பு இத்தகைய இரண்டு சுற்றுகள். அந்த அரைச்சுர ஏற்றத்தை எதிர்பார்த்துப் பிடிக்க முடியும்வரை மேற்கொண்டு போக வேண்டாம். ஒரு வாரம் ஆனாலும் அது வீணாகாது.

இதற்குப் பிறகே, விரலால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்திக்கருவியான லூட்டுக்கு வாருங்கள். பாக்கைப் போலவே 1750இல் மறைந்த சில்வியஸ் லியோபோல்ட் வைஸ், டிரெஸ்டன் அரசவையின் லூட் கலைஞர். அவர் பிற்காலத்தில் வாசித்த லூட்டில் 13 தந்தி வரிசைகள் இருந்தன. மேலுள்ள இரண்டு ஒற்றையாகவும் மற்றவை இரட்டையாகவும் அமைந்ததால் மொத்தம் 24 தந்திகள். கட்டைவிரல் மீட்டும் அந்தத் தாழ்ந்த தந்திகள் நெடுநேரம் ஒலித்து நிற்கும். ஹாப்கின்சன் ஸ்மித் அல்லது ராபர்ட் பார்டோ வாசித்த வைஸ் பதிவு ஒன்றில், சேம்பர்ஸைக் கேட்ட அதே காதால் அந்தக் கட்டைவிரலைத் தேடுங்கள்.

இங்கே ஒலியளவைக் குறைத்துவிடுவது மிக முக்கியம். பக்கத்தில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசுவதைப் போன்றது லூட்டின் இயல்பான ஒலி; ஜாஸ் கேட்ட அளவிலேயே விட்டுவைத்தால் விரல் உரசும் சத்தம் இசையை விழுங்கிவிடும். மேலும், பரோக் கருவிகளின் பதிவுகள் பலவற்றில் ஏ சுரம் இன்று வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 415 ஹெர்ட்ஸில் சுருதி கூட்டப்பட்டிருக்கும். அது ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்வு. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உடனே தாவாமல், இடையில் சில நிமிடம் அமைதி விடுங்கள்.

காலத்தை இழுத்து நெகிழ்த்தும் பழக்கத்தைக் கேட்க ஹார்ப்ஸிகார்டே (கட்டையை அழுத்தினால் தந்தி மீட்டப்படும், பியானோவுக்கு முந்தைய கருவி) சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அதில் விரலை அழுத்தி ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஒரு சுரத்தைச் சற்றுத் தாமதித்தோ நீட்டியோதான் அழுத்தம் தர முடியும். 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் லூயி கூப்ரான், தாள அளவு குறிக்காத தம் முன்னிசைகளில் தாளத்தைப் பிரிக்கும் கோடுகளோ கால அளவுகளோ இன்றிச் சுரங்களை மட்டும் எழுதி, மற்றதை வாசிப்பவரிடம் விட்டுவிட்டார். பிரெஞ்சு லூட் கலைஞர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. அவற்றில் ஒன்றைக் கேட்டவுடன், 'ஸோ வாட்' தொடக்கத்தில் பியானோ கலைஞர் பில் எவன்ஸும் சேம்பர்ஸும் தாளமின்றி வாசிக்கும் முகப்புக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

பாக்கின் மெட்டுக்கு டிரம்ஸ் சேர்த்த பதிவுகளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்; அவை பேஸை மறைத்துவிடுகின்றன. விதிவிலக்காக, மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் 1973இல் பதிவு செய்த 'ப்ளூஸ் ஆன் பாக்' ஆல்பத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். பாக் தழுவல்களில் ஜான் லூயிஸ் ஹார்ப்ஸிகார்ட் வாசிக்கிறார். இடையிடையே வரும் நான்கு ப்ளூஸ்களின் சுருதிகளை ஜெர்மானியச் சுரப்பெயர்களால் வரிசையாகப் படித்தால் பாக்கின் பெயரே (B-A-C-H) கிடைக்கும். அந்த நான்கிலும் பெர்சி ஹீத்தின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழுவதும் கேளுங்கள்.