கடைசி நேரத்தில் இடதுபக்கம் இழுத்த டிஸ்க்

அப்பாடா, ஒரு வாரத் தலைவலி தீர்ந்தது. தட்டை வீசிக் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃபில், என் மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கான) டிஸ்க் 50 மீட்டர் நேராகப் போய், கூடையை நெருங்கும்போது இடதுபக்கம் இழுத்து மரத்தில் மோதிக்கொண்டே இருந்தது. வீசுவது வலது கை பேக்ஹேண்ட், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசுவது. டிஸ்க்கின் முன்விளிம்பு தூக்குகிறதோ என்று தாழ்த்தி வீசினேன், அதே கதை. எடை குறைந்த டிஸ்க் ஒன்று வாங்கினேன், அது பலமாக வீசினால் வலதுபக்கம் புரண்டது.

அப்புறம்தான் நண்பரின் டிஸ்க்கையும் என்னுடையதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாடல், ஆனால் வெளிவிளிம்பில் மெல்லிய தழும்பு போல ஓடும் அச்சுக்கோடு என்னுடையதில் ஒரு நூல் அளவு மேலே இருந்தது. அந்தக் கோடு ஏற ஏற டிஸ்க் கடைசியில் இடதுபக்கம் அதிகம் இழுக்கும். சரி என்று, டர்ன் (வேகமாகப் போகும்போது வலதுபக்கம் திரும்புவது), ஃபேட் (வேகம் குறையும்போது இடதுபக்கம் இழுப்பது) இரண்டும் 0 என்று போட்டிருக்கும் மாக்கோ3 என்ற டிஸ்க் மாடலில் கோடு தாழ்வாக இருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து, முக்கால் பலத்தில் வீசினேன். நேரே கூடையின் சங்கிலியில் போய் விழுந்தது.